அமெரிக்கப் பருத்தி மானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்சு விலை இறங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பும்: "அமெரிக்காவில் மானியத்தைக் கொட்டிக் கொடுக்கிறார்கள், அதனால்தான் உலக விலை விழுகிறது." அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பணம், யாருக்கு, எதைக் கணக்கில் வைத்துப் போகிறது என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் அளவுகள். இந்தப் பக்கத்தில் சென்ட் என்றால் நாணயம், ஒரு டாலரில் நூறில் ஒரு பங்கு. நில அளவை சென்ட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பவுண்டு சுமார் 454 கிராம். அமெரிக்கப் பேல் 480 பவுண்டு, ஏறக்குறைய 218 கிலோ. இந்தியப் பேல் 170 கிலோதான், ஒப்பிடும்போது நினைவில் இருக்கட்டும்.

மானியம் என்றால் விவசாயி கையில் அரசு நேராகப் பணம் கொடுப்பதா?

அதுவும் உண்டு, அது மட்டும் இல்லை. இன்றைக்குப் பணம் முக்கியமாக மூன்று வழியில் போகிறது. விலை ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் வித்தியாசத்தைக் கொடுப்பது ஒன்று. பஞ்சை அடகாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்து, விலை விழுந்தால் கடனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது இன்னொன்று. பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசே கட்டுவது மூன்றாவது. இவை போதாதென்று, அவ்வப்போது நாடாளுமன்றமோ வேளாண் துறையோ அவசர உதவி என்று தனியாக அறிவிக்கும்.

விலை வித்தியாசத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இந்தத் திட்டத்துக்குப் பெயர் பி.எல்.சி. (Price Loss Coverage, விலை இழப்பு ஈடு). சட்டத்தில் ஒரு ஆதார விலை எழுதப்பட்டிருக்கும். 2018 முதல் அது பருத்திக்கு, அதாவது ஜின்னிங்குக்கு முந்தைய, கொட்டையோடு கூடிய பருத்திக்கு, பவுண்டுக்கு 36.7 சென்ட். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை 42 சென்டாக உயர்த்தியது. ஆகஸ்டு முதல் அடுத்த ஜூலை வரையிலான சந்தை ஆண்டின் சராசரி விலை இதற்குக் கீழே போனால், இடைவெளியை அரசு கொடுக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. ஒருவர் பெயரில் 1,000 ஏக்கர் பதிவாகியிருக்கிறது. அந்த நிலத்துக்கு வேளாண் துறை குறித்து வைத்திருக்கும் விளைச்சல் ஏக்கருக்கு 1,500 பவுண்டு பருத்தி. அந்த ஆண்டின் சராசரி விலை 32 சென்ட் என்றால் இடைவெளி 10 சென்ட். 1,500 பவுண்டுக்கு 150 டாலர். ஆனால் முழு ஏக்கருக்கும் கொடுக்க மாட்டார்கள், 85 சதவீதத்துக்குத்தான். 850 ஏக்கருக்கு 150 டாலர் வீதம் 1,27,500 டாலர்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆண்டு அவர் வயலில் எவ்வளவு விளைந்தது என்ற கேள்வி எந்த இடத்திலும் வரவில்லை. ஏக்கர் பழைய கணக்கு. விளைச்சலும் பழைய கணக்கு. விலை மட்டுமே புதியது.

அப்படியானால் பருத்தி போடாதவருக்கும் பருத்தி மானியம் கிடைக்குமா?

கிடைக்கும். பலரும் நம்ப மறுக்கிற விஷயம் இதுதான், ஆனால் முழுத் திட்டத்தையும் புரிந்துகொள்ளச் சாவியும் இதுதான்.

மேலே சொன்ன 1,000 ஏக்கருக்கு "அடிப்படை ஏக்கர்" என்று பெயர். ஒரு நிலத்தில் முன்பு எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் போடப்பட்டது என்பதை வைத்து அந்த நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் உரிமை அது. 2002 வேளாண் சட்டத்தின்போது, 1998 முதல் 2001 வரை போட்ட பயிரின் சராசரியை வைத்து அதைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதித்தார்கள். அதன் பிறகு பெயர்களும் விதிகளும் மாறின, ஆனால் வேர் அந்தப் பழைய பதிவுகளில்தான் இருக்கிறது. நிலம் கைமாறினால் உரிமையும் கூடவே போகும். பருத்தி அடிப்படை ஏக்கர் உள்ள நிலத்தில் இந்த ஆண்டு மக்காச்சோளம் போடலாம், சோளம் போடலாம், பருத்தி விலை விழுந்தால் தொகை வரும். பழம், காய்கறி போட்டால் மட்டும் சில வரம்புகள் உண்டு. பக்கத்து நிலத்தில் பத்து ஆண்டாகப் பருத்தியே பயிரிடுகிறவருக்கு அடிப்படை ஏக்கர் இல்லையென்றால், அவருக்கு இந்தத் தொகையில் ஒரு சென்ட்கூட இல்லை. பருத்தி புடவையாகக் காய்த்தது என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இங்கே பருத்தியே இல்லாமல் புடவை காய்க்கிறது.

2018 சட்டம் இதில் ஒரு ஓட்டையை அடைத்தது. 2009 முதல் 2017 வரை எந்தப் பயிருமே போடாமல் புல்லாகக் கிடந்த நிலங்களின் அடிப்படை ஏக்கருக்கு இனிப் பணம் கிடையாது என்றது. அதற்கு முன்பு அப்படிக் கிடந்த நிலத்துக்கும் பணம் போய்க்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் சொல்கிறார்கள். போடும் பயிருக்குப் பணம் கொடுத்தால், பணத்துக்காகவே பயிர் போடுவார்கள், விளைச்சல் பெருகி உலக விலை கெடும். பழைய கணக்குக்குக் கொடுத்தால் அந்தத் தூண்டுதல் இல்லை என்பது. வாதம் சரிதான். ஆனால் அதற்குப் பிறகு அது விவசாயிக்கான உதவியாக இருப்பதில்லை, நிலத்துக்கான உதவியாகிவிடுகிறது. என் மனக்குறை அதுதான்.

குத்தகைக்கு உழுகிறவருக்கு இதில் என்ன கிடைக்கிறது?

வாரக் குத்தகை, அதாவது வாடகைக்குப் பதில் விளைச்சலில் பங்கு, என்றால் விளைச்சலைப் போலவே மானியத்தையும் உழுகிறவரும் நிலக்காரரும் பங்கு வைத்துக்கொள்கிறார்கள். ரொக்கக் குத்தகை என்றால் சட்டப்படி பணம் உழுகிறவருக்கே. ஆனால் அந்த நிலத்தில் அடிப்படை ஏக்கர் இருப்பது நிலக்காரருக்குத் தெரியுமே. அடுத்த முறை குத்தகை பேசும்போது அது வாடகையில் ஏறிவிடும். நிலத்தை விற்றால் விலையிலும் ஏறும். புதிதாக விவசாயத்துக்கு வருகிற இளைஞர் இந்த ஏறிய விலைக்கு நிலம் வாங்கவோ குத்தகை கட்டவோ வேண்டும்.

அடகுக் கடன் திட்டம் எப்படி நடக்கிறது?

டெக்சாஸ் மாநிலத்தில் லபக் நகரைச் சுற்றியுள்ள சமவெளியில் அறுவடைக் காலத்தில் வயல் ஓரங்களில் மஞ்சள், இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் சுற்றிய பெரிய உருளைகள் வரிசையாகக் கிடக்கும். அறுவடை இயந்திரமே பருத்தியை இறுக்கி உருட்டிச் சுற்றிப் போட்டுவிட்டுப் போகும். ஓர் உருளையில் ஏறக்குறைய நான்கு பேல் பஞ்சு இருக்கும். அது ஜின்னிங் ஆலைக்குப் போய்க் கொட்டை பிரிந்து, பேலாகி, ஒவ்வொரு பேலிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டு வேளாண் துறையின் தரம்பிரிப்பு அலுவலகத்துக்குப் போகிறது. இழை நீளம், பலம், நிறம், மைக்ரோனேர் எனப்படும் இழை நயம் எல்லாம் இயந்திரத்தில் அளந்து பேலின் எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்வார்கள். பேல் கிடங்குக்குப் போனதும் மின்னணு ரசீது வரும். அந்த ரசீதுதான் அடகுப் பொருள்.

அந்த ரசீதை வைத்து ஒன்பது மாதக் கடன் வாங்கலாம். ஒரு பவுண்டு பஞ்சுக்கு 52 சென்ட் கடன் வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். வேளாண் துறை வாரந்தோறும் வியாழக்கிழமை ஒரு "சரிக்கட்டிய உலக விலை"யை அறிவிக்கும். அது 45 சென்டாக இருந்தால், அவர் 45 சென்ட் கட்டிப் பேலை மீட்டுக்கொள்ளலாம். மீதி 7 சென்ட் அவருடையது. கடனே வேண்டாம் என்றால் அந்த 7 சென்டை நேராகவே வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. எதுவும் ஒத்துவரவில்லையென்றால் பேலை அரசிடமே விட்டுவிட்டுப் போகலாம், பாக்கி என்று யாரும் வாசலுக்கு வர மாட்டார்கள்.

இந்தப் பணம் உண்மையிலேயே விளைந்த பேலுக்குத்தான். அந்த வகையில் பி.எல்.சி.யைவிட நேர்மையானது. ஆனால் உலக விலையைக் கெடுப்பதில் இதற்குப் பங்கு அதிகம். விலை எவ்வளவு விழுந்தாலும் தன் வரவு விழாது என்று தெரிந்தவர் எதற்காகப் பருத்திப் பரப்பைக் குறைப்பார்?

2025 சட்டப்படி சாதாரண ரகத்துக்குக் கடன் அளவு 2026 பயிரிலிருந்து 55 சென்ட். மிக நீண்ட இழைப் பருத்திக்குத் தனி அளவு, ஒரு டாலர்.

காப்பீடும் மானியமா?

ஆம். பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு கட்டுகிறது. பருத்திக்கென்றே 2014-இல் கொண்டுவந்த ஸ்டாக்ஸ் என்ற காப்பீட்டில் 80 சதவீதம். இதற்கு ஆள் ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இல்லை. பெரிய பண்ணைக்குப் பெரிய உதவி, அவ்வளவுதான்.

இதெல்லாம் எப்போது தொடங்கியது?

1933-இல். பெருமந்தக் காலம். 1929-இல் பவுண்டு 17 சென்ட் அளவில் விற்ற பஞ்சு 1931-32-இல் 5, 6 சென்டுக்கு வந்திருந்தது. ரூஸ்வெல்ட் அரசு வேளாண் சரிக்கட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது விதைப்பு முடிந்து செடி வளர்ந்துவிட்டது. என்ன செய்வது? வளர்ந்த செடியை உழுது அழித்தால் பணம் என்றார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் ஒப்பந்தம் போட்டுச் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது போட்டார்கள். செடியை மிதிக்காமல் சால் நடுவே நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள், செடி மேல் நடக்க மறுத்து நின்றன என்று அந்தக் கோடையைப் பற்றிச் சொல்வார்கள். வாயில்லா ஜீவனுக்குப் புரியாத கணக்கு அது.

பணம் யாருக்குப் போனது என்பதுதான் முக்கியம். தென் மாநிலங்களில் உழுதவர்களில் பெரும்பகுதியினர் வாரக் குடியானவர்கள். கறுப்பினத்தவர்களும் ஏழை வெள்ளையர்களும். ஒப்பந்தம் போட்டது நிலக்காரர். காசோலை வந்ததும் அவர் பெயருக்கே. குடியானவரின் பங்கு அவர் கைக்குப் போய்ச் சேரவேயில்லை என்ற ஊர்கள் ஏராளம். அதைவிடக் கொடுமை, பரப்பைக் குறைத்தால் பணம் என்றானபோது ஆட்களையும் குறைக்கலாம் என்று குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். 1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலம் டைரோன்சா அருகே 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் கூடித் தென்பகுதிக் குடியானவர் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான். அந்தக் காலத்தில், அந்த இடத்தில், இரண்டு இனத்தவரும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்தது சாதாரணம் இல்லை. குடியானவர்களை வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தத்துக்கு விளக்கம் எழுதிய வேளாண் துறை வழக்கறிஞர்கள் 1935 பிப்ரவரியில் வேலையை இழந்தார்கள்.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. மானியத்துக்கான வரியைக் கட்ட மறுத்த ஒரு பருத்தி ஆலையின் வழக்கு அது. வேறு வடிவத்தில் சட்டம் திரும்பி வந்தது, இன்றுவரை போகவில்லை. நிலத்தைப் பார்த்துக் கொடுப்பது, உழுகிறவரைப் பார்க்காதது என்ற பழக்கம் 1933-இலேயே ஊன்றிவிட்டது.

ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இல்லையா?

இருக்கிறது. பெரும் பண்ணைகள் லட்சக்கணக்கான டாலர் வாங்குவது செய்தியானதால் 1970 சட்டம் ஒரு பயிருக்கு ஆளுக்கு 55,000 டாலர் என்று வைத்தது. உடனே பண்ணைகள் காகிதத்தில் உடைந்தன. 1980-களில் ஒரே பண்ணையை நிறுவனங்களாகவும் கூட்டுகளாகவும் பிரித்து வரைந்த படம் கிளை கிளையாக விரிந்ததால் அதற்கு "மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்" என்றே பெயர் வந்தது.

2025 சட்டம் வரம்பை ஆளுக்கு 1,55,000 டாலராக்கியது, அது விலைவாசியோடு உயரும். அதற்கு முன்பு 1,25,000. கணவன், மனைவி இருவரும் என்றால் இரண்டு மடங்கு. கூட்டுப் பண்ணையில் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு வரம்பு. 2018 சட்டம் குடும்பம் என்பதற்குள் அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்கா தங்கை பிள்ளைகள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் வரை சேர்த்தது. "விவசாயத்தில் முனைப்பாக ஈடுபடுகிறவர்" என்று காட்ட வேண்டும், ஆனால் அதற்கு வயலில் இறங்க வேண்டிய அவசியம் இல்லை, நிர்வாகம் செய்கிறேன் என்றாலும் போதும். 2025 சட்டம் சிலவகை நிறுவனங்களையும் கூட்டுப் பண்ணை போலவே கணக்கிட்டு, பங்காளி ஒவ்வொருவருக்கும் வரம்பு என்று திறந்துவிட்டிருக்கிறது. 2017 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் பருத்திப் பண்ணைகள் மொத்தமே சுமார் 16,000. அவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இவ்வளவு நுட்பமான விதிகள்.

பிரேசில் வழக்கு என்ன?

2001 இலையுதிர் காலத்தில் உலகப் பஞ்சு விலை 40 சென்டுக்கும் கீழே விழுந்தது. முப்பது ஆண்டில் அவ்வளவு கீழே போனதில்லை. அந்த நேரத்தில் அமெரிக்காவில் பரப்பு குறையவில்லை, ஏற்றுமதியும் குறையவில்லை. 2002 செப்டம்பரில் பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. 1999 ஆகஸ்டிலிருந்து நான்கு ஆண்டில் அமெரிக்கப் பருத்திக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் மானியம் போயிருக்கிறது என்பது அதன் வாதம்.

பிரேசிலுக்காகக் கணக்குப் போட்டவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் டேனியல் சம்னர். முன்பு அமெரிக்க வேளாண் துறையிலேயே உயர்பதவியில் இருந்தவர். மானியம் இல்லாதிருந்தால் உலக விலை சராசரியாக 12.6 சதவீதம் உயர்ந்திருக்கும் என்று அவர் மாதிரிக் கணக்கு சொன்னது. சொந்த நாட்டு விவசாய அமைப்புகள் அவர்மேல் பாய்ந்தன. அவர் பின்வாங்கவில்லை. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

2004-இல் நடுவர் குழுவும் 2005 மார்ச்சில் மேல்முறையீட்டு அமைப்பும் பிரேசில் பக்கம் தீர்ப்புச் சொல்லின. விலையோடு கட்டிய மானியங்கள் உலக விலையைக் கணிசமாக அழுத்தின. உள்நாட்டு ஆலைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் அமெரிக்கப் பஞ்சை வாங்குவதற்காகக் கொடுத்த "படி 2" தொகை தடைசெய்யப்பட்ட வகை. ஏற்றுமதிக் கடன் உத்தரவாதமும் தவறு. பழைய கணக்குக்குக் கொடுப்பதால் குற்றமற்றது என்று அமெரிக்கா சொன்ன நேரடித் தொகைகூட, பழம் காய்கறி போடக் கூடாது என்ற நிபந்தனை இருந்ததால் முழு விலக்குப் பெறவில்லை. ஒரு சின்ன நிபந்தனை, முழு வாதத்தையும் சாய்த்தது.

படி 2 தொகை 2006 ஆகஸ்டில் நின்றது. விலையோடு கட்டிய மானியங்கள் நிற்கவில்லை.

அமெரிக்கா பிரேசிலுக்கே பணம் கட்டியதாகச் சொல்வது உண்மையா?

உண்மை. 2009-இல் பதிலடி கொடுக்கும் உரிமை பிரேசிலுக்குக் கிடைத்தது. 2010-இல் 82 கோடியே 90 லட்சம் டாலர் அளவுக்குப் பதிலடி என்று அறிவித்தது. கார், பருத்திப் பொருள்கள் மேல் கூடுதல் வரி ஒரு பக்கம். அமெரிக்க நிறுவனங்களின் காப்புரிமை, பதிப்புரிமையில் கை வைப்போம் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் வாஷிங்டனை அசைத்தது. பேச்சுக்கு வந்தார்கள். மானியத்தை மாற்றும்வரை ஆண்டுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலரை ஒரு பிரேசில் பருத்தி நிறுவனத்துக்குக் கட்டுவதாக அமெரிக்கா ஒப்புக்கொண்டது.

அதாவது, தன் விவசாயிக்கு மானியம் கொடுக்கும் உரிமைக்காக இன்னொரு நாட்டு விவசாயிக்கும் மானியம் கொடுத்தது. 2014 அக்டோபரில் கடைசியாக 30 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். 2023-24 பருவத்தில் பிரேசில் பஞ்சு ஏற்றுமதியில் அமெரிக்காவையே முந்தியது.

2014-இல் பருத்தி மானியம் ஒழிந்துவிட்டது என்று படித்தேனே?

பாதி சரி. பிரேசில் தீர்ப்பின் அழுத்தத்தால் 2014 சட்டம் பருத்தியை மட்டும் விலை வித்தியாசத் திட்டத்திலிருந்து எடுத்தது, பதிலாக ஸ்டாக்ஸ் காப்பீட்டைக் கொடுத்தது. அதை வாங்கியவர்கள் குறைவு. விலையும் சரியில்லை. 2018 பிப்ரவரியில் ஒரு பட்ஜெட் சட்டத்துக்குள் புதிய பயிர் ஒன்று பிறந்தது, "விதைப் பருத்தி". பஞ்சுக்குக் கொடுத்தால்தானே வழக்கு, கொட்டையோடு கூடிய பருத்திக்குக் கொடுத்தால்? பஞ்சு விளைச்சலை 2.4-ஆல் பெருக்கினால் விதைப் பருத்தி விளைச்சல் என்று கணக்கும் எழுதினார்கள். செடி அதே செடி. வயல் அதே வயல். சட்டத்தில் பெயர் மட்டும் மாறியது.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஏன் இவ்வளவு வருத்தப்படுகின்றன?

பெனின், புர்க்கினா ஃபாசோ, சாட், மாலி. பருத்தி நான்கு என்று அழைக்கப்படும் நாடுகள் இவை. இங்கே பருத்தி விளைவிப்பவை சில ஹெக்டேர் நிலம் உள்ள குடும்பங்கள். மக்காச்சோளமும் கம்பும் சோளமும் வீட்டுக்கு, பருத்தி காசுக்கு. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் மருந்தும் பருத்திப் பணத்தில்தான்.

அறுவடை கையால்தான். குனிந்து பறித்துத் துணியில் கட்டி, வீட்டில் சேர்த்து, பிறகு ஊர்ப் பொதுவிடத்தில் குவிப்பார்கள். கூட்டுறவுச் சங்கம் எடை போடும், பருத்தி வாங்கும் நிறுவனத்தின் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். மாலியில் விலையை விதைப்புக்கு முன்பே, நாடு முழுவதற்கும் ஒன்றாக அறிவிப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விலை உலகச் சந்தையைப் பார்த்துத்தான் நிர்ணயமாகிறது. உலக விலை விழுந்தால் இந்த ஆண்டு நிறுவனம் நட்டப்படும், அடுத்த ஆண்டு அறிவிக்கும் விலை இறங்கும். விதையும் உரமும் கடனில் வந்தவை, அது முதலில் பிடிக்கப்படும். ஒரு குடும்பத்தால் கட்ட முடியாவிட்டால் சங்கத்தில் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். டெக்சாஸ் விவசாயிக்கு விலை விழுந்தால் அரசு இருக்கிறது. இவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் இருக்கிறார், அவரும் அதே கடனில் இருக்கிறார்.

2003 ஜூன் 10 அன்று புர்க்கினா ஃபாசோவின் அதிபர் பிளேஸ் கொம்பாவோரே ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் முன் நேரில் வந்து பேசினார். பிச்சை கேட்கவில்லை, விதிப்படி நடக்கக் கேட்டார். அந்தச் செப்டம்பரில் கான்குன் மாநாட்டில் வந்த வரைவில், பருத்தியை விட்டு வேறு தொழிலுக்கு மாற இந்த நாடுகளுக்கு உதவலாம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். மிகக் குறைந்த செலவில் பருத்தி விளைவிப்பவரைப் பருத்தியை விடச் சொன்ன வரி அது. மாநாடு முறிந்தது. 2005 ஹாங்காங் மாநாடு, வளர்ந்த நாடுகள் பருத்தி ஏற்றுமதி மானியத்தை 2006-க்குள் நிறுத்த வேண்டும் என்றது. உள்நாட்டு மானியத்தை மற்ற விளைபொருள்களைவிட வேகமாகக் குறைக்க வேண்டும் என்பது நோக்கமாக மட்டும் நின்றுவிட்டது. அந்த நான்கு நாடுகளின் முயற்சியில் 2019-இலிருந்து அக்டோபர் 7 உலகப் பருத்தி நாள்.

மானியம் கொடுப்பது அமெரிக்கா மட்டும்தானா?

இல்லை. ஐரோப்பாவில் கிரீஸும் ஸ்பெயினும் பருத்தி விளைவிக்கின்றன, பரப்புக்கு ஏற்ப ஒன்றியம் பணம் தருகிறது. சீனா 2011 முதல் மூன்று ஆண்டுகள் டன்னுக்கு 20,000 யுவான் அளவில் வாங்கிக் குவித்து, கிடங்கு நிரம்பியதும் 2014-இல் சின்ஜியாங்கில் இலக்கு விலைத் திட்டத்துக்கு மாறியது.

இந்தியாவில் குறைந்தபட்ச ஆதரவு விலை. விலை அதற்குக் கீழே போனால் இந்தியப் பருத்திக் கழகம் வாங்குகிறது, நட்டத்தை மத்திய அரசு ஈடுகட்டுகிறது. 2025-26 பருவத்தில் நீண்ட இழை ரகத்துக்குக் குவிண்டால் 8,110 ரூபாய். இங்கே விவசாயி வண்டியோடு பருத்தியைக் கொண்டுவந்து நிற்க வேண்டும், ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் திரும்பிப் போக வேண்டும். 2018 நவம்பரில் இந்தியா மானிய வரம்பை மீறுகிறது என்று அமெரிக்காவே உலக வர்த்தக அமைப்பில் எண்களோடு அறிக்கை கொடுத்தது. அந்தக் கணக்கில் ஒப்பிடும் விலை 1986-88-ஆம் ஆண்டுகளின் விலை. முப்பது ஆண்டுப் பணவீக்கத்தையும் மானியமாக எண்ணுகிற முறை இது. மற்றவர்கள்மேல் புகார் சொல்லும்போது இதையும் நான் சொல்லாமல் இருக்க முடியாது.

அமெரிக்க விவசாயிக்கு உதவியே வேண்டாம் என்கிறீர்களா?

அப்படிச் சொல்ல மாட்டேன். மேற்கு டெக்சாஸில் மழை பொய்த்த ஆண்டில் அறுவடையே இல்லாமல் உழுது போடுகிறார்கள். இயந்திரமும் விதையும் உரமும் விலை ஏறிக்கொண்டே போகின்றன. 2018-இல் சீனாவோடு வரிச் சண்டை வந்தபோது நட்டம் அவர்கள் செய்த தவறால் வந்ததில்லை. அந்த ஆண்டு அரசு பவுண்டுக்கு 6 சென்ட் கொடுத்தது. 2024 டிசம்பர் உதவிச் சட்டத்தின்படி பருத்திக்கு ஏக்கருக்கு 84.74 டாலர், மக்காச்சோளத்துக்கு 42.91. மழை பொய்த்தவருக்குக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். உழாதவருக்கும், உலக விலையை அமுக்கும் வகையிலும் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

2025 சட்டத்தின் பணம் எப்போது வரும்?

ஆதார விலை 42 சென்ட் 2025 பயிருக்கே பொருந்தும். சந்தை ஆண்டு 2026 ஜூலையில் முடிகிறது, தொகை 2026 அக்டோபரில். இதோடு நாடு முழுவதும் எல்லாப் பயிர்களுக்கும் சேர்த்து 3 கோடி ஏக்கர் வரை புதிய அடிப்படை ஏக்கர் சேர்க்க இடம் கொடுத்திருக்கிறார்கள். பத்து ஆண்டாகப் பயிரிட்டும் பழைய பதிவில் பெயர் இல்லாதவர்களுக்கு இது ஆறுதல். ஆனால் பழைய பதிவில் இருந்த எந்த ஏக்கரையும் இதற்காக எடுக்கவில்லை.